காருக்கு புது ஹெட்லைட், கூலிங் ஃபிலிம் போடும் முன்

பழைய ஹெட்லைட் மங்கலாகத் தெரிந்தால் உடனே பல்பை மாற்றாதீர்கள். முதலில் கவர் மஞ்சளாகியிருக்கிறதா என்று பாருங்கள். பாலிஷ் போட்டாலே பாதி வெளிச்சம் திரும்பி வந்துவிடும்.

அப்படியும் போதாமல் மாற்றத்தான் வேண்டும் என்றால் வாட்ஸைக் கவனியுங்கள். பல கார்களில் வரும் எச்4 என்ற வகைப் பல்பு, கம்பெனி தருவது 60/55 வாட்ஸ்; அதாவது ஹை பீமுக்கு 60, லோ பீமுக்கு 55. கடையில் 100/90 தருவார்கள். அதை அப்படியே மாட்டினால் சூட்டில் ஹோல்டர் உருகும், ஒயரும் கருகும். ரிலே (பேட்டரியிலிருந்து தனி ஒயரில் லைட்டுக்கு மின்சாரம் தரும் சுவிட்ச்) வைத்தால் ஒயர் தப்பிக்கும், ஆனால் எதிரே வருபவரின் கண் கூசுவது குறையாது. சாதாரண ரிஃப்ளெக்டருக்குள் மலிவு எல்இடி போட்டாலும் இதே தொல்லைதான்: ஒளி சிதறி, பைக்கில் வருபவருக்குச் சாலையே தெரியாது. தயவுசெய்து வேண்டாம். 60/55-லேயே தரமான பல்பு வாங்கி, லைட்டின் உயரத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் கூலிங் ஃபிலிம். 2012-ல் உச்ச நீதிமன்றம் ஃபிலிம் ஒட்டவே தடை விதித்தது. பிறகு விதி திருத்தப்பட்டதைக் காட்டி, 2024-ல் கேரள உயர் நீதிமன்றம் அளவுக்கு உட்பட்ட ஃபிலிமை அனுமதித்தது. அந்த அளவு: முன், பின் கண்ணாடிகளில் 70 சதவீத வெளிச்சம் ஊடுருவ வேண்டும், பக்கக் கண்ணாடிகளில் 50. பலரும் கவனிக்காதது, கண்ணாடியிலேயே ஏற்கெனவே லேசான நிறம் இருக்கும். 70 சதவீதக் கண்ணாடியில் 70 சதவீத ஃபிலிம் ஒட்டினால் மிஞ்சுவது 49தான். அதனால் ஃபிலிமின் அளவை மட்டும் நம்பாமல், ஒட்டிய பிறகு, ஊடுருவும் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.