தேடினால் வராத கோபால்

வாடிக்கையாளர் பட்டியலில் கோபால் என்ற பெயர் கண்ணெதிரே இருக்கிறது, தேடுபெட்டியில் தட்டினால் ‘இல்லை’ என்றே வந்தது. எனக்குக் கைகொடுத்தது பிரவுசர் கன்சோல்தான், அதாவது நிரல் வரிகளை ஓட்டிப் பார்க்கும் பிரவுசரின் பகுதி. இரண்டு பெயர்களின் நீளத்தையும் அச்சிட்டேன். தட்டச்சு செய்தது 6, பட்டியலில் இருந்தது 7.

எழுத்துகளுக்கு எண் தரும் முறையான யூனிகோடில் ‘ோ’ குறியை ஒரே எழுத்தாகவும் வைக்கலாம், ‘ே’, ‘ா’ என இரண்டாகப் பிரித்தும் வைக்கலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய கோப்புகளில் பிரிந்த வடிவம் வரக்கூடும்.

தீர்வு எளிது. ஜாவாஸ்கிரிப்டில் 2015 முதலே இருக்கும் நார்மலைஸ் ஃபங்ஷனை என்எஃப்சி வடிவத்துடன் அழைத்தால் போதும், பிரிந்த குறிகள் ஒன்றாகச் சேர்ந்துவிடும். சேமிக்கும்போதும் தேடும்போதும் இரண்டு இடத்திலும் போட்டேன். பழைய தரவை, அது இருக்கும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்திலேயே சரிசெய்தேன், பதிப்பு 13 முதல் அதிலும் இந்த வசதி உண்டு. ஐபோன் செயலியில் இந்தச் சிக்கல் தலைகாட்டவில்லை, ஸ்விஃப்ட் மொழி இரு வடிவங்களையும் சமமாகவே ஒப்பிடுகிறது. ஆண்ட்ராய்டில் நாமே மாற்றியாக வேண்டும்.

அப்புறம் ‘ௌ’. பலர் ‘கௌரி’யை ‘கெ’, ‘ள’ என்று தட்டுகிறார்கள். இதை என்எஃப்சி தொடாது. கண்ணை மூடிக்கொண்டு மாற்றவும் கூடாது, கெளுத்தி மீன் கெட்டுப்போகும்! பெயர்ப் புலத்தில் மட்டும், தேடலுக்கான தனி நகலில் மாற்றுகிறேன். பயனர் எழுதிய பெயர் அப்படியே இருக்கிறது.