சிஎன்சி ரவுட்டரில் சீவலைப் பார்த்து வேகம் அமைப்பது எப்படி?

கணினி நிரலின்படி கட்டரை நகர்த்திப் பொருளை வெட்டும் சிறிய சிஎன்சி ரவுட்டரைப் புதிதாக இயக்கத் தொடங்குபவர்கள், கட்டர் உடைந்துவிடுமோ என்ற அச்சத்தில் ஃபீட் வேகத்தை (கட்டர் பொருளுக்குள் முன்னேறும் வேகத்தை) மிகவும் குறைத்துவிட்டு, கட்டரைச் சுழற்றும் ஸ்பிண்டிலை மட்டும் முழு வேகத்தில் சுழலவிடுவது வழக்கம். பாதுகாப்பாகத் தோன்றும் இந்த முறைதான் கட்டரை விரைவில் மழுங்கச் செய்கிறது. கட்டரின் ஒவ்வொரு விளிம்பும் ஒவ்வொரு சுற்றிலும் ஓரளவு தடிமனான சீவலை எடுத்தால்தான் வெப்பத்தின் பெரும்பகுதி அந்தச் சீவலோடு வெளியேறும். ஃபீட் குறைந்தால் விளிம்பு வெட்டுவதற்குப் பதிலாக உரசுகிறது. அப்போது மரம் கருகுகிறது, அக்ரிலிக் உருகிக் கட்டரைச் சுற்றிக்கொள்கிறது, அலுமினியம் கட்டரின் பள்ளங்களில் அப்பிக்கொள்கிறது.

இதற்கான கணக்கு எளிது. நிமிடச் சுற்றுகளை விளிம்புகளின் எண்ணிக்கையாலும், ஒரு விளிம்பு எடுக்க வேண்டிய சீவலின் தடிமனாலும் பெருக்கினால் ஃபீட் கிடைக்கும். இரண்டு விளிம்புள்ள 6 மி.மீ. கட்டர் 18,000 சுற்றில் ஓடும்போது, மரத்தில் விளிம்புக்கு 0.05 மி.மீ. எடுக்க வேண்டுமானால், ஃபீட் நிமிடத்திற்கு 1,800 மி.மீ. ஆகும். உங்கள் இயந்திரத்தால் அந்த வேகத்தைத் தாங்க முடியாவிட்டால், ஃபீட்டை மட்டும் பாதியாக்காமல் சுற்று வேகத்தையும் சேர்த்துக் குறைக்க வேண்டும். சுற்று வேகம் அதற்கு மேல் இறங்காது என்றால், ஒற்றை விளிம்புக் கட்டருக்கு மாறலாம். அக்ரிலிக்குக்கும் அலுமினியத்துக்கும் ஒற்றை விளிம்பைப் பரிந்துரைப்பதற்கு இது ஒரு காரணம். சீவல் வெளியேற அதில் இடமும் அதிகம்.

கணக்கு ஒரு தொடக்கம் மட்டுமே. மீதியைச் சீவல் சொல்லும். மரத்திலிருந்து மாவு போன்ற தூள் மட்டும் வந்தால் உரசல் நடக்கிறது என்று கொள்ளலாம் (மரநாரை அழுத்திச் செய்யும் எம்டிஎஃப் பலகை இதற்கு விதிவிலக்கு, அது எப்படி வெட்டினாலும் தூளாகத்தான் வரும்). வெட்டி முடித்ததும் ஸ்பிண்டில் முழுவதும் நின்ற பிறகு கட்டரைத் தொட்டுப் பார்க்கும்போது அது வெதுவெதுப்பாக இருக்கலாம்; கையைச் சுடும் அளவுக்கு இருக்கக் கூடாது. இன்னொன்றும் கவனிக்கத்தக்கது: சிறிய எழுத்துகளையும் நெருக்கமான வளைவுகளையும் செதுக்கும்போது, முடுக்க வரம்பின் காரணமாக இயந்திரம் நீங்கள் கொடுத்த ஃபீட்டை எட்டுவதே இல்லை. திரையில் 1,800 என்று இருந்தாலும் உண்மையில் அதில் ஒரு பகுதிதான் நடக்கும். இத்தகைய வேலைகளுக்குச் சுற்று வேகத்தை முன்கூட்டியே குறைத்து வைப்பது நல்லது.

வேகம் சரியாக இருந்தும் அதிர்வும் கீச்சொலியும் வந்தால், கட்டர் எவ்வளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்று பாருங்கள். கட்டர் வளையும் அளவு நீட்டத்தின் மும்மடிக்கு ஏற்ப உயர்வதால், 20 மி.மீ. நீட்டத்தை 40 மி.மீ. ஆக்கினால் அதே விசைக்கு எட்டு மடங்கு வளையும். விட்டத்தின் பங்கு இதைவிடவும் பெரியது: அதே நீளமுள்ள 3 மி.மீ. தண்டைவிட 6 மி.மீ. தண்டு பதினாறு மடங்கு விறைப்பானது. ஆகவே மூலைகளின் ஆரம் அனுமதிக்கும் வரை தடித்த, குட்டையான கட்டரையே தேர்ந்தெடுப்பது என் வழக்கம்.

கட்டரைக் கவ்விப் பிடிக்கும் காலெட்டில் சிக்கிய ஒரு துகள் போதும், கட்டர் மையம் விலகிச் சுழலத் தொடங்கும். அப்போது ஒரு விளிம்பு கூடுதலாக வெட்ட, மற்றது வெறுமனே உரசும். கட்டர் மாற்றும்போதெல்லாம் காலெட்டைத் துடைக்க வேண்டும். ஈஆர் வகைக் காலெட்டை முதலில் அதன் நட்டுக்குள் அழுத்திப் பொருத்திவிட்டு, அதன் பிறகே ஸ்பிண்டிலில் திருக வேண்டும். காலெட்டை ஸ்பிண்டிலுக்குள் போட்டுவிட்டு நட்டை மேலே முடுக்கினால் அது நேராக அமராது.

கட்டரின் சுருள் திசையும் முடிவைத் தீர்மானிக்கிறது. மேல்நோக்கிச் சுருளும் கட்டர் சீவலை நன்றாக வெளியேற்றும், ஆனால் பலகையின் மேல் விளிம்பைப் பிய்க்கும். கீழ்நோக்கிச் சுருள்வது மேற்பரப்பைத் தூய்மையாக விடும், ஆழமான காடியில் சீவலை அடைத்துவிடும். இரண்டும் கலந்த கம்ப்ரஷன் கட்டரை ஒட்டுப்பலகைக்கு வாங்குபவர்கள், முதல் வெட்டின் ஆழம் அதன் மேல்நோக்கிய பகுதியின் உயரத்தைத் தாண்ட வேண்டும் என்பதை மறந்துவிடுகிறார்கள். தாண்டாவிட்டால் கொடுத்த விலை வீண்.

பொருளைப் பிடித்து வைப்பதற்குக் கிளாம்ப் இடைஞ்சலாக இருந்தால், பலகையின் அடியிலும் மேசையிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி, இரு டேப்புகளுக்கும் நடுவே உடனடிப் பசையைத் தடவி அழுத்தலாம். மெல்லிய தகடுகளுக்கு இது வியக்கத்தக்க உறுதியைத் தரும். வெட்டி முடியும் தறுவாயில் துண்டு தளர்ந்து கட்டரில் மோதாமலிருக்க, அதைப் பலகையோடு இணைத்து வைக்கும் சிறு பாலத்துண்டுகளை நிரலிலேயே விட்டுவைக்க வேண்டும். கட்டரைச் செங்குத்தாக இறக்குவதைத் தவிர்த்து, சாய்வாக இறங்கும் பாதையை அமைப்பது எல்லாப் பொருளுக்கும் பொருந்தும்.

இயந்திரம் ஓடும்போது அறையை விட்டு அகலக் கூடாது. மழுங்கிய கட்டர் கிளப்பிய கங்கு தூசி உறிஞ்சியின் பைக்குள் புகுந்து, வேலை முடிந்த பிறகும் தீப்பற்றலாம். மரத்தூள் புற்றுநோய் உண்டாக்குவது என வகைப்படுத்தப்பட்ட பொருள் என்பதால் உறிஞ்சியோடு முகக்கவசமும் தேவை. பாதுகாப்புக் கண்ணாடி அணியுங்கள், கையுறை வேண்டாம், சுழலும் கட்டர் அதைக் கையோடு சேர்த்து இழுத்துவிடும்.

இறுதி அளவு துல்லியமாக வர, சுவர்களில் 0.2 மி.மீ. விட்டு வைத்து, கடைசியில் ஒரே மெல்லிய வெட்டில் அதை எடுங்கள். அப்போதும் அளவு பிசகினால், உடனே மோட்டாரின் படி எண்ணிக்கையை (ஒரு மி.மீ. நகர அது எடுக்கும் படிகளை) மாற்ற முற்பட வேண்டாம். 50 மி.மீ. சதுரம் ஒன்றையும், 50 மி.மீ. உட்குழி ஒன்றையும் வெட்டி அளந்து பாருங்கள். சதுரம் 50.2 ஆகவும் குழி 49.8 ஆகவும் வந்தால், கட்டரின் உண்மையான விட்டம் நிரலில் கொடுத்ததைவிடச் சிறியது, அல்லது கட்டர் வளைகிறது. இரண்டும் ஒரே பக்கமாகப் பிசகி, 100 மி.மீ.யில் பிசகு இரட்டிப்பானால் மட்டுமே படி எண்ணிக்கையைத் திருத்த வேண்டும்.