வாரண்டி முடிந்த காரும் 'மாத்திப் பார்க்கலாம்' பேச்சும்

வாரண்டி இருக்கும்வரை, தேய்ந்துபோகும் பாகங்கள் தவிர, பெரும்பாலான கோளாறுகளுக்குக் கம்பெனி செலவு. முடிந்த மறுநாளிலிருந்து 'இதை மாத்திப் பார்க்கலாம் சார்' என்ற பேச்சுக்கெல்லாம் நம் பர்ஸ்தான் பதில் சொல்ல வேண்டும். அதனால் கோளாறு இன்னதென்று உறுதியாகாமல் எந்தப் பாகத்துக்கும் நான் தலையாட்டுவதில்லை.

முதலில் இலவசமாக ஏதாவது கிடைக்குமா என்று பாருங்கள். வாரண்டி முடிந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது, சர்வீஸ் எல்லாம் ஷோரூமிலேயே செய்திருக்கிறீர்கள் என்றால் 'குட்வில்' கேட்கலாம், அதாவது வாரண்டி முடிந்தாலும் கம்பெனி நல்லெண்ணத்தில் செய்துதரும் உதவி. வாய்வார்த்தையாகக் கேட்டால் நிற்காது. கம்பெனிக்கே மின்னஞ்சல் எழுதுங்கள். செலவில் ஒரு பங்கை ஏற்பதுண்டு. அப்புறம், சேசிஸ் எண்ணைக் கம்பெனி இணையதளத்தில் போட்டு ரீகால் (தயாரிப்புக் குறைக்காகக் கம்பெனியே திரும்ப அழைத்து இலவசமாகச் சரிசெய்வது) இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

இனி கோளாறுக்கு வருவோம். என் பழைய பெட்ரோல் வண்டியில் செக் இன்ஜின் விளக்கு எரிந்தது. ஸ்கேனரில் வந்த கோளாறுக் கோடு (code) பி0301, அதாவது முதல் சிலிண்டரில் மிஸ்ஃபயர், பெட்ரோல் சரியாக எரியவில்லை. ஒரு ஒர்க்‌ஷாப்பில் நான்கு காயில் (பிளக்குக்கு மின்சாரம் கொடுப்பது), நான்கு பிளக், இன்ஜெக்டர் (பெட்ரோலைத் தெளிப்பது) க்ளீனிங் என்று எஸ்டிமேட் நீண்டது. கோடு இடத்தைத்தான் காட்டும், காரணத்தை நாம்தான் தேட வேண்டும். எங்கள் பேட்டை மெக்கானிக் அண்ணன் முதல் சிலிண்டர் காயிலைக் கழற்றி மூன்றாவதில் மாட்டினார், மூன்றாவதை முதலில். கோடை அழித்துவிட்டு ஒரு ரவுண்டு போய்வந்தோம். இப்போது பி0303. காயிலோடு கோளாறும் இடம்பெயர்ந்துவிட்டது. ஒரே ஒரு காயிலோடு வேலை முடிந்தது. கோடு நகராமல் இருந்திருந்தால் அடுத்து பிளக், அதற்கும் பிறகுதான் இன்ஜெக்டர். ஒன்று: அந்த விளக்கு விட்டுவிட்டு மின்னினால் வண்டியை ஓட்டிக்கொண்டே இருக்காதீர்கள். எரியாத பெட்ரோல் போய், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கெடுத்தால் செலவு எங்கேயோ போய்விடும்.

சத்தம் என்றால் மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டிக் காட்டுங்கள். சின்னப் பள்ளத்தில் மெதுவாக இறங்கும்போது 'டொக் டொக்' என்றால் பல நேரம் சஸ்பென்ஷனில் இருக்கும் சின்னக் கம்பியான லிங்க் ராடுதான். ஷாக் அப்சார்பர் வரை போக வேண்டியிருக்காது. பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரை முழுசாக மாற்றச் சொன்னால் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் ஒருமுறை காட்டுங்கள். கார்பன் பிரஷ், பேரிங், ரெகுலேட்டர் மாற்றினாலே பல சமயம் சரியாகிவிடும். கிளட்சில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். கியர்பாக்ஸை இறக்கும் கூலி எப்படியும் ஒன்றுதான். பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள்.

பாகத்தைக் கார் கம்பெனி பெயரில்தான் வாங்க வேண்டும் என்பதில்லை. வேலியோ, பாஷ், டென்சோ போன்றவர்கள் கார் கம்பெனிகளுக்கும் பாகம் கொடுக்கிறார்கள், சொந்தப் பெயரிலும் விற்கிறார்கள். சென்னையில் வண்டி உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் கேட்டுப் பாருங்கள். ஜிஎஸ்டி பில்லோடு வாங்குங்கள். பழைய கதவு, பம்பருக்குப் பழைய பாகங்கள் விற்கும் புதுப்பேட்டை போகலாம். பிரேக், ஸ்டியரிங் சமாச்சாரத்தை அங்கே வாங்க மாட்டேன்.

வண்டியை விடும்போது ஜாப் கார்டில் (செய்ய வேண்டிய வேலையை எழுதித் தரும் சீட்டு) இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள்: கேட்காமல் கூடுதல் வேலை செய்யக்கூடாது, கழற்றிய பாகத்தைத் திருப்பித் தர வேண்டும். முகம் சுளிப்பார்கள், எழுதுவார்கள். பணம் வாங்கியும் அதே கோளாறு திரும்பி, அவர்கள் கைவிரித்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுங்கள். அதிலும் தீரவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ஜாப் கார்டும் பில்லும் கையில் இருக்கட்டும்.