அமெரிக்கக் குடியேற்ற மனு: ஆற்றல் பொருள் ஆய்வாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மணவாளக்குறிச்சி கடற்கரை மணலில் கிடைக்கும் மோனசைட் என்ற கனிமத்தில் நியோடிமியம் என்ற தனிமம் இருக்கிறது. சில வகைக் காற்றாலை ஜெனரேட்டர்களின் நிலைக்காந்தத்துக்கு அந்தத் தனிமம் வேண்டும். முப்பந்தல் காற்றாலைகளைப் பார்த்து வளர்ந்து, நாகர்கோவிலில் இயற்பியலோ வேதியியலோ படித்து, இன்று அமெரிக்க ஆய்வகங்களில் காந்தம், பேட்டரி, சோலார் செல் என்று உழைக்கும் நம் கன்னியாகுமரி மாவட்டத்துப் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். அவர்களில் பலர் நாடுவது ஐ-140 என்ற வேலைவழிக் குடியேற்ற மனுவை; அதில் தேசிய நலனைக் காட்டி, வேலை உத்தரவு வேண்டும் என்ற நிபந்தனையிலிருந்து விலக்கு கேட்கிறார்கள். நிறுவனத்தின் வேலை உத்தரவு இல்லாமல் தாமே போடலாம் என்பது இதன் பெரிய வசதி.

மனுவைக் கெடுப்பதில் முதலிடம், துறையின் பெருமையை எழுதிவிட்டுத் தன் வேலையைச் சொல்லாமல் விடுவதற்குத்தான். பருவநிலை மாற்றம் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். இந்த விலக்குக்கான அளவுகோலை வகுத்த, 2016-இல் வந்த தனசார் தீர்ப்பு கேட்பது வேறு: நீங்கள் செய்யப்போகும் பணிக்கு மதிப்பும் தேசிய முக்கியத்துவமும் உண்டா, அதை முன்னெடுக்க உங்களால் முடியுமா, வேலை உத்தரவு நிபந்தனையைத் தளர்த்துவது அமெரிக்காவுக்கு நன்மையா? 'சுத்த ஆற்றலுக்காக ஆராய்ச்சி செய்வேன்' என்றால் எதுவும் சொன்னதாகாது. 'பழைய காந்தங்களிலிருந்து குறைந்த அமிலத்தில் நியோடிமியத்தைப் பிரிக்கும் முறையை ஆய்வகத்தில் செய்து காட்டிவிட்டேன், அடுத்து அதைச் சோதனை ஆலை அளவுக்குக் கொண்டுபோவேன்' என்றால் பிடி கிடைக்கிறது. நியோடிமியம் அமெரிக்காவின் முக்கியக் கனிமப் பட்டியலில் இருப்பதையும், அதன் சுத்திகரிப்பில் பெரும்பகுதி சீனாவில் நடப்பதையும் அதன்பிறகு சொன்னால் எடை கூடும். வாசிக்கும் அதிகாரி பெரும்பாலும் உங்கள் துறைக்காரர் அல்ல. எளிமையாக எழுதுங்கள்.

பரிந்துரைக் கடிதங்கள் எல்லாமே கைடிடமும் கூட்டு ஆசிரியர்களிடமும் வாங்கியவையாக இருந்தால் பலவீனம்தான். உங்களோடு வேலை செய்யாத, ஆனால் உங்கள் முறையைப் பயன்படுத்திய ஒருவரின் கடிதம் அதிகம் பேசும். ஒரே வாசகம் எல்லாக் கடிதத்திலும் வந்தால் சந்தேகம் வரும். சைட்டேஷன் எண்ணிக்கையை மட்டும் அடுக்காமல், யார் எதற்காக எடுத்தாண்டார்கள் என்று காட்டுங்கள். மனு போட்ட நாளில் உள்ள சாதனைகளே கணக்கில் வரும். பின்னால் வெளியாகும் கட்டுரையை நம்பி அவசரப்பட வேண்டாம்.

அப்புறம் பெயர். நம் ஊரில் முன்னெழுத்தோடு ஒற்றைப் பெயர். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து குடும்பப் பெயராகியிருக்கும், பட்டச் சான்றிதழில் ஒரு விதம், கட்டுரையில் இன்னொரு விதம். எல்லாம் ஒருவரே என்று விளக்கும் உறுதிமொழிப் பத்திரத்தை முன்கூட்டியே வைத்துவிடுங்கள்.

மனு ஏற்கப்பட்டதும் கிரீன் கார்டு வந்துவிட்டதாக வீட்டில் சொல்லிவிடாதீர்கள். இந்த மனு சேரும் ஈபி-2 என்ற வேலைவழிக் குடியேற்றப் பிரிவில், இந்தியாவில் பிறந்தவர்களுக்குக் காத்திருப்பு பத்தாண்டைத் தாண்டுகிறது. இன்னும் உயர்ந்த தகுதி கேட்கும் ஈபி-1 பிரிவின் வரிசை அதைவிடக் குறைவு. பிறகு ஈபி-1 மனு வென்றாலும், ஏற்கப்பட்ட பழைய மனுவின் முன்னுரிமைத் தேதியை, அதாவது வரிசையில் உங்கள் இடத்தைக் குறிக்கும் தேதியை, பெரும்பாலும் அதற்குக் கொண்டுபோகலாம். ஆகவே தகுதி இருந்தால் தேதியை முதலிலேயே பிடித்துவைப்பது நல்லது.

ஆய்வாளர்கள், மாணவர்கள் பரிமாற்றத் திட்டத்தில் போகும் ஜே-1 விசாவில், திரும்பிவந்து இரண்டாண்டு சொந்த நாட்டில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை சிலருக்கு உண்டு; அரசு நிதியில் போனவர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். பெயரில் 'விலக்கு' இருப்பதால் தேசிய நலன் மனுவே அதையும் நீக்கிவிடும் என்று நினைக்கிறார்கள். நீக்காது, அதற்குத் தனி விண்ணப்பம் வேண்டும்.

ஐ-140 போட்டபின் வேறு தற்காலிக விசாவுக்கு டிஎஸ்-160 என்ற விண்ணப்பப் படிவத்தை நிரப்பும்போது, குடியேற்ற மனு போடப்பட்டதா என்ற கேள்விக்கு மறைக்காமல் 'ஆம்' என்றே பதில் சொல்லுங்கள். பொய் சொல்லி மாட்டினால் பிற்பாடு கிரீன் கார்டே கிடைக்காமல் போகலாம்.

கிரீன் கார்டுக்கு விண்ணப்பிக்கும்போது கேட்கும் பிறப்புச் சான்றிதழைக் கடைசி நேரத்துக்கு விடுவது இன்னொரு தவறு. பழைய சான்றிதழ்கள் பலவற்றில் குழந்தையின் பெயரே இருக்காது. நகராட்சியிலோ பேரூராட்சியிலோ பெயர் சேர்க்க இப்போதே ஆரம்பியுங்கள். பதிவே இல்லையென்றால், இல்லை என்ற சான்று வாங்கி, அதோடு பள்ளிச் சான்றிதழ், கோவில்பற்றுப் பதிவேட்டின் ஞானஸ்நானச் சான்று போன்றவற்றைச் சேர்க்கலாம். தமிழில் உள்ள ஒவ்வொரு தாளுக்கும் முழு ஆங்கில மொழிபெயர்ப்பும், மொழிபெயர்த்தவர் கையெழுத்திட்ட உறுதிமொழியும் வேண்டும்.