கார்த்திகை விளக்குகளைப் படமெடுக்கும் முறை

திருவண்ணாமலை மலையுச்சியில் மகாதீபம் ஏற்றப்படும் மாலை 6 மணியையொட்டித்தான் பல வீடுகளில் கார்த்திகை விளக்குகளும் ஏற்றப்படுகின்றன. அந்த நாட்களில் தமிழ்நாட்டில் சூரியன் 5.40 மணிக்கும் 6 மணிக்கும் இடையில் மறைந்துவிடுவதால், வானம் முற்றிலும் கறுக்காமல் கருநீலமாக நிற்கும் அடுத்த அரை மணி நேரமே படமெடுக்கச் சிறந்த பொழுது. நன்றாக இருட்டியபின் எடுத்தால் சுடர்கள் வெறும் வெள்ளைப் புள்ளிகளாகிவிடும். கோலமும் திண்ணையும் காணாமல் போய்விடும்.

பிளாஷ் வேண்டாம். கைப்பேசித் திரையில் சுடரை அழுத்திப் பிடித்துக் குவியத்தைப் பூட்டியபின், சுடரின் மஞ்சள் தெரியும் வரை ஒளியளவைக் குறைக்க வேண்டும். படத்தின் நிறச் சாயலைச் சரிசெய்யும் வெள்ளைச் சமநிலையை (white balance) தானியங்கியில் விட்டால், அகலின் பொன்னிறத்தை ஒரு குறையாகக் கருதிக் கருவியே திருத்திவிடும் என்பதால், பகலொளிக்குரிய சுமார் 5500 கெல்வினில் நிறுத்துவதே என் வழக்கம். கேமராவில் ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 400, ஷட்டர் (ஒளி உள்ளே விழும் நேரம்) 1/15 நொடி எனத் தொடங்கலாம். முக்காலி இல்லையென்றால் கவிழ்த்து வைத்த அரிசிப் படியே போதும்.

காணொளியில் தொல்லை தருபவை அகல்கள் அல்ல, மாடிச் சுவரில் தொங்கும் சீரியல் விளக்குகள்தாம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அவை நொடிக்கு 100 முறை துடிக்கக்கூடும். நொடிக்கு 25 சட்டகம் (frame), ஷட்டர் 1/50 நொடி என வைத்தால் திரையில் பட்டைகள் ஓடுவது பெரும்பாலும் நின்றுவிடும். கருவியைத் தரையளவுக்குத் தாழ்த்தி எடுக்கும்போது வேட்டி நுனியும் தாவணியும் சுடரில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.