எக்ஸ்ப்ளோரர்ஸ் ஆஃப் ஸ்கை: புதிதாக வருகிறவர்கள் எங்கே சறுக்குகிறார்கள்

போகிமான் கேம் எதையும் தொட்டதில்லை, கார்ட்டூனில் பிகாச்சுவைப் பார்த்ததோடு சரி, ஆனாலும் கதை நன்றாக இருக்கும் என்று யாரோ சொன்னதை நம்பி ‘போகிமான் மிஸ்டரி டஞ்சன்: எக்ஸ்ப்ளோரர்ஸ் ஆஃப் ஸ்கை’யை எடுத்திருக்கிறீர்களா? தைரியமாக ஆரம்பியுங்கள். “முதலில் மெயின் கேம்களை முடித்துவிட்டு வா” என்று சொல்பவர்களைக் கேட்டு இதைத் தள்ளிப்போடுவதுதான் நான் பார்க்கிற முதல் தவறு. 2009-இல் நிண்டெண்டோ டிஎஸ் என்ற கையடக்கக் கருவிக்கு வந்த இந்த கேமின் கதைக்கு முந்தைய கேம் எதுவும் தெரிந்திருக்கத் தேவையில்லை. மனிதனாக இருந்த நீங்கள் நினைவெல்லாம் போய் ஒரு போகிமானாகக் கடற்கரையில் கண்விழிக்கிறீர்கள். அந்த உலகத்தைப் பற்றிக் கதாநாயகனுக்கே ஒன்றும் தெரியாது, அதனால் உங்களுக்குத் தெரியாதது ஒரு குறையே இல்லை.

சொல்லப்போனால் இதில் அதிகமாக அடிவாங்குவது பழைய ஆட்டக்காரர்கள்தான். பெயரும் முகங்களும் போகிமானுடையவை, ஆட்டத்தின் எலும்புக்கூடு வேறு வீட்டிலிருந்து வந்தது. சுன்சாஃப்ட் நிறுவனம் 1993-இல், டிராகன் குவெஸ்ட் என்ற கேமில் வரும் டோர்னெகோ என்ற வியாபாரியை நாயகனாக வைத்து ஆரம்பித்த மிஸ்டரி டஞ்சன் வரிசை அது. ஒவ்வொரு முறை நுழையும்போதும் டஞ்சனின், அதாவது எதிரிகள் நிறைந்த பல தள இடத்தின், அமைப்பு மாறியிருக்கும், நீங்கள் ஓர் அடி எடுத்து வைத்தால் அந்தத் தளத்தில் இருக்கும் எல்லோரும் ஓர் அடி எடுத்து வைப்பார்கள், நீங்கள் எதுவும் அழுத்தாமல் நின்றால் அவர்களும் நிற்பார்கள். இந்த ஒன்று மண்டையில் ஏறிவிட்டால் மீதித் தவறுகளில் பாதி தானாகவே போய்விடும்.

ஏறாதவர்கள் என்ன செய்கிறார்கள் என்றால், எதிரியைக் கண்டதும் பாய்கிறார்கள். உங்களுக்கும் அதற்கும் நடுவில் ஒரே ஒரு கட்டம் காலியாக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் முன்னே போனால் உங்கள் டர்ன், அதாவது உங்கள் முறை, நடப்பதிலேயே செலவாகிவிடும், பக்கத்தில் வந்து நின்ற உங்களை அது முதலில் அடிக்கும். அதற்குப் பதிலாக ஏ, பி இரண்டு பட்டனையும் சேர்த்து அழுத்தி ஒரு டர்னைச் சும்மா விடுங்கள், அது நடந்து வந்து சேரும், முதல் அடி உங்களுடையது. சின்ன விஷயம்தான், ஆனால் ஒரு டஞ்சனில் எத்தனை சண்டை வருகிறது என்று பார்த்தால் இது எவ்வளவு உயிரைக் காப்பாற்றும் என்று புரியும். இன்னும் தூரத்தில் வரும்போதே அயர்ன் தார்ன் மாதிரி எறிகிற பொருள் கையில் இருந்தால் வீசிவிடுங்கள். கீழே கிடப்பதை எல்லாம் பொறுக்கிச் சேர்ப்பது அதற்குத்தானே. ஆர் பட்டனைப் பிடித்தால் மூலைவாட்டில் மட்டும் நகரலாம், ஒய் பட்டனைப் பிடித்தால் நகராமல் திரும்பலாம், இந்த இரண்டையும் முதல் டஞ்சனான பீச் கேவிலேயே கைக்குப் பழக்கிக்கொள்ளுங்கள்.

மான்ஸ்டர் ஹவுஸ் என்று ஒன்று வரும். ஓர் அறைக்குள் காலை வைத்ததும் இசை மாறி, எங்கிருந்தோ ஒரு கூட்டமே குதித்து அறையை நிரப்பும். புதியவர்கள் அங்கேயே நின்று அடிக்க ஆரம்பிப்பார்கள், நாலு பக்கமும் சூழ்ந்துகொள்ள ஓரிரு டர்னிலேயே கதை முடிந்துவிடும். வந்த வழியே பின்வாங்கி, ஒரு கட்டம் மட்டுமே அகலமான அந்த நடைவழிக்குள் போய்விடுங்கள். அங்கே உங்கள் முன்னால் ஓர் எதிரிதான் நிற்க முடியும், எத்தனை பேர் வந்தாலும் ஒவ்வொருவராகத்தான் வந்தாக வேண்டும். பின்வாங்க வழியில்லை என்றால் ஸ்லம்பர் ஆர்ப் என்ற மந்திரக் கோளம் பையில் இருக்கிறதா பாருங்கள், அறையில் இருக்கும் எதிரிகள் அத்தனை பேரையும் அது தூங்க வைத்துவிடும்.

“பின்னால் பெரிய பாஸ் வருவான், அப்போது பார்த்துக்கொள்ளலாம்” என்று ஸ்லீப் சீடு, பிளாஸ்ட் சீடு மாதிரி விதைகள், ஆர்ப் எல்லாவற்றையும் மூட்டை கட்டி வைக்கும் பழக்கத்தை இங்கே விட்டுவிடுங்கள். பாத்திரத்தை வளர்த்து ஆடும் மற்ற ஆர்பிஜி கேம்களில் லெவல் ஏற்றினால் காரியம் நடக்கும், இங்கே பையில் இருப்பதைச் சரியான நேரத்தில் எடுப்பவர்தான் கரையேறுவார். ரிவைவர் சீடு மட்டும் தனி ரகம், பையில் இருந்தாலே போதும், விழுந்ததும் தானாக எழுப்பிவிட்டு வெறும் விதையாக மாறிவிடும். ஆப்பிளும் கூடவே வேண்டும், குறைந்தது இரண்டு எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும். நடக்க நடக்கப் பசி ஏறும், வயிறு காலியானால் ஒவ்வோர் அடிக்கும் எச்பி, அதாவது உயிர்ப்புள்ளி, குறையும். ஓர் ஆப்பிள் வயிற்றை 50 அளவு நிரப்பும், பெரிய ஆப்பிள் 100. காயம் ஆற வேண்டும் என்று ஒரே இடத்தில் டர்ன் டர்னாக ஓட்டும்போது பசியும் சேர்ந்தே ஓடுகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அதற்காக ஒரே தளத்தில் மணிக்கணக்கில் சுற்றவும் முடியாது, காற்று எழும்புகிறது என்று எச்சரிக்கை வந்துகொண்டே இருக்கும், கண்டுகொள்ளாவிட்டால் கடைசியில் டஞ்சனை விட்டே தூக்கி எறிந்துவிடும்.

தோற்றால் என்ன ஆகும் என்று தெரியாமல் பணத்தோடு உள்ளே போவது இன்னொன்று. டஞ்சனில் விழுந்தால் கையில் இருக்கும் காசு முழுக்கப் போய்விடும், பொருட்களிலும் பெரிய பங்கு போய்விடும். கதையில் உங்கள் ஊரான டிரஷர் டவுனில் காசு போட டஸ்கல் பேங்க் இருக்கிறது, காங்கஸ்கான் என்ற போகிமான் நடத்தும் சேமிப்புக் கிடங்கு இருக்கிறது, கிளம்பும் முன் இரண்டுக்கும் போய் வருவதை வழக்கமாக்குங்கள். காசு சேருவதே இங்கே கஷ்டம். கதைப்படி முதல் வேலைக்கு 2,000 கிடைக்கும், நீங்கள் சேர்ந்திருக்கும் சங்கமான கில்டு அதில் 200-ஐ மட்டும் உங்கள் கையில் வைத்துவிட்டு மீதியை எடுத்துக்கொள்ளும், பிறகும் அதே விகிதம்தான். ஆகவே ஒரு வேலைக்காக ஒரு பயணம் என்று போகாதீர்கள், வேலைகள் ஒட்டியிருக்கும் போர்டில் ஒரே டஞ்சனுக்கு வந்திருக்கும் வேலைகளைச் சேர்த்து எடுத்துக்கொண்டு ஒரே நடையில் முடியுங்கள். காசுக்கு அலைகிறோமே என்று டஞ்சனுக்குள் இருக்கும் கெக்லியான் என்ற போகிமானின் கடையில் மட்டும் எதையும் கொடுக்காமல் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள், பின்னால் வரும் கெக்லியான் கூட்டத்தைச் சமாளிக்கும் பலம் ஆரம்பத்தில் உங்களுக்குக் கிடையாது.

தோற்கப்போகிறோம் என்று தெரிந்ததும் டிஎஸ்ஸை அணைத்துவிட்டுப் பழைய சேவிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று நினைக்காதீர்கள். டஞ்சன் நடுவில் அணைத்தால் தோற்றதாகவே கணக்கு. பஸ் வந்துவிட்டது, இறங்க வேண்டும் என்றால் குவிக்சேவ் இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள், இல்லாவிட்டால் மூடியைச் சாத்துங்கள், போதும்.

அடுத்தது கூட வரும் நண்பன். கதை நெடுக உங்கள் பக்கத்திலேயே நிற்கும் இந்தப் பார்ட்னரை அப்படியே விட்டுவிடுகிறார்கள், அவன் குறைந்த தடவையே பயன்படுத்தக்கூடிய (பிபி குறைவான) நல்ல மூவ்களை, அதாவது தாக்குதல்களை, சில்லறை எதிரிகள் மேல் வீணடித்துவிட்டு, பாஸ் முன்னால் வெறுங்கையோடு நிற்பான். மெனுவில் ஒவ்வொரு மூவையும் தனித்தனியாக ஆன், ஆஃப் செய்யலாம், அந்த மூவை அணைத்து வையுங்கள். உங்களோடு சேர்ந்து வர வேண்டுமா, எதிரியைத் துரத்த வேண்டுமா என்பதையும் டாக்டிக்ஸ் பகுதியில் சொல்லலாம். கதையின் பெரும்பகுதியில் அவன் விழுந்தாலும் ஆட்டம் போச்சு என்பதால் இது ஏதோ கூடுதல் வசதி இல்லை, அடிப்படைத் தேவை.

ஆரம்பத்தில் வரும் கேள்விகளுக்குப் பதில் சொன்னால் நீங்கள் எந்தப் போகிமான் என்று கேமே முடிவு செய்யும். விரும்பியது வரும்வரை திரும்பத் திரும்ப ஆரம்பித்து, பதில் பட்டியலைத் தேடிக்கொண்டிருப்பவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. மனதில் பட்டதைச் சொல்லுங்கள், வருவதை ஏற்றுக்கொள்ளுங்கள். பார்ட்னரை நீங்களே தேர்ந்தெடுக்கலாம், உங்கள் வகையிலேயே (நெருப்பு, நீர் மாதிரி) அவன் இருக்கக் கூடாது என்பதையும் கேமே பார்த்துக்கொள்ளும். எந்த வகை எதை வெல்லும் என்ற பட்டியலை உட்கார்ந்து மனப்பாடம் செய்யத் தேவையில்லை, ஆட ஆட வந்துவிடும்.

வாங்கும்போது ஒரு கவனம்: டைம், டார்க்னெஸ் என்று இதே கதையின் முந்தைய இரண்டு பதிப்புகளும் இருக்கின்றன. அவற்றின் கதையோடு ஐந்து சிறப்பு அத்தியாயங்களும் ஸ்பிண்டாவின் கஃபேயும் சேர்ந்தது ஸ்கை, அதனால் மூன்றும் கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம். பழைய டிஎஸ் கார்ட்ரிட்ஜ்களில் போலிகள் நிறைய உலவுகின்றன, விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக இருந்தால் சந்தேகப்படுங்கள். டிஎஸ் இல்லாவிட்டாலும் 3டிஎஸ்ஸில் அதே கார்ட்ரிட்ஜ் ஓடும்.

இன்னொன்று, எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது. பெயர்கள் ஓடி முடிந்ததும் கேம் முடிந்தது என்று கார்ட்ரிட்ஜைக் கழற்றி வைத்துவிடாதீர்கள். கதைக்கு அதற்கு அப்புறமும் ஒரு பெரிய பகுதி இருக்கிறது, முதலில் விடை கிடைக்காத கேள்விகளுக்கு அங்கேதான் விடை வருகிறது, நீங்களும் பார்ட்னரும் பரிணாமம் அடைந்து அடுத்த வடிவத்துக்கு மாற முடிவதும் அதன் பிறகுதான். என்ன நடக்கிறது என்று இங்கே சொல்ல மாட்டேன், நீங்களும் தேடிப் படித்துவிடாதீர்கள். சேவ் செய்துவிட்டு மறுபடி உள்ளே போங்கள்.