மரம் வெட்டும் முன் அளவுநாடா: விக்டோரியாவில் தாவர அகற்றல் தகராறைக் கையாளுவது எப்படி?

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், 1987ஆம் ஆண்டின் திட்டமிடல், சுற்றுச்சூழல் சட்டத்தின் கீழ் இயங்கும் திட்ட விதிகளின்படி, அம்மண்ணுக்கே உரிய இயல் தாவரங்களை வெட்டவும் அழிக்கவும் கிளை கழிக்கவும் பொதுவாக அனுமதி வேண்டும். நிலம் நமக்குச் சொந்தம் என்பது மட்டும் போதாது. மரம் வெட்டப்பட்டதா என்பதைவிட, அதற்கு விதிவிலக்கு இருந்ததா என்பதில்தான் பெரும்பாலும் வழக்கு நிற்கிறது. விலக்கைக் கோருபவரே அதைக் காட்ட வேண்டிய நிலை வரும்போது, வெட்டிய பின் அளக்க ஒன்றும் மிஞ்சியிருக்காது.

உதாரணத்துக்குப் பட்ட மரத்தை எடுத்துக்கொள்ளலாம். பட்டுப்போன இயல் தாவரத்தை அகற்ற, திட்ட விதிகளின் 52.17ஆம் பிரிவு விலக்களிக்கிறது; ஆனால் தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் அடிமரத்தின் விட்டம் 40 சென்டிமீட்டரோ அதற்கு மேலோ இருந்து, மரம் நின்றுகொண்டிருந்தால் அந்த விலக்கு கிடையாது. நாடாவைச் சுற்றிப் பிடித்தால் அது ஏறத்தாழ 126 சென்டிமீட்டர் சுற்றளவு. நாடாவின் எண் தெளிவாகத் தெரியும்படியும், இலையற்ற உச்சிக் கிளைகள் வரை முழு மரமும் தெரியும்படியும் தேதியுடன் படமெடுத்து வைப்பது, பிறகு எழுதும் எந்த நீண்ட விளக்கத்தையும்விடப் பயன்படும்.

0.4 ஹெக்டேருக்குக் குறைந்த நிலம் என்ற விலக்கை நம்பி ஏமாறுபவர்கள் உண்டு. ஒரே உரிமையாளரிடம் அடுத்தடுத்து இருக்கும் மனைகளைச் சேர்த்தே பரப்பு கணக்கிடப்படும். அதோடு, 52.17இன் விலக்குகள் அந்தப் பிரிவுக்கு மட்டுமே பொருந்தும். நிலத்தின்மீது தாவரப் பாதுகாப்பு மேலடுக்கு (குறிப்பிட்ட நிலப்பகுதிக்குப் பொது விதியோடு கூடுதலாகப் பொருந்தும் விதி) போன்ற தனி விதி இருந்தால், அதன் விலக்குப் பட்டியலையும் தனியே பார்க்க வேண்டும். முகவரியைக் கொடுத்தால் இலவசமாகக் கிடைக்கும் மாநில அரசின் திட்ட அறிக்கையில் மேலடுக்குகள் எல்லாம் தெரியும்.

உள்ளாட்சி மன்றமான கவுன்சிலிடமிருந்து கடிதம் வந்துவிட்டால், முதலில் வேலையை நிறுத்துங்கள். விழுந்த மரங்களை எரிக்கவோ அப்புறப்படுத்தவோ வேண்டாம். எந்தப் பிரிவு, எந்த மரங்கள், எந்தத் தேதி என்பவற்றை எழுத்தில் கேளுங்கள். கோபத்தில் தொலைபேசியில் சொல்லும் ஒரு வாக்கியம் ஒப்புதலாகக் குறித்துக்கொள்ளப்படலாம் என்பதால், பதிலையும் எழுத்திலேயே கொடுப்பது நல்லது.

விதிமீறலை நிறுத்தவோ சரிசெய்யவோ கட்டளையிடும் அமலாக்க ஆணையைக் கோரி விக்டோரியாவின் சிவில், நிர்வாகத் தீர்ப்பாயத்திடம் கவுன்சில் மட்டுமல்ல, எவரும் 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 114ஆம் பிரிவின் கீழ் மனு செய்யலாம். அண்டை வீட்டாரின் கோபத்தை அலட்சியம் செய்யக் கூடாது என்பதற்கு இதுவே காரணம். ஆணை நில உரிமையாளர்மீதும், குடியிருப்பவர்மீதும், வேலையைச் செய்தவர்மீதும் பாயக்கூடும். எனவே ஒப்பந்தக்காரருக்கு எந்த மரங்களைக் காட்டினீர்கள் என்பதற்கான வரைபடத்தையும் செய்திகளையும் பத்திரப்படுத்துங்கள். இதற்கு மாறாக, முறையாக விண்ணப்பித்தும் அனுமதி மறுக்கப்பட்டிருந்தால், அதை மறு ஆய்வு செய்யும்படி அதே தீர்ப்பாயத்தை 60 நாள்களுக்குள் அணுக வேண்டும்.

விலக்கு பொருந்தாது என்று தெளிவாகத் தெரிந்த பிறகும் வழக்காடுவது வீண் செலவு என்பதே என் கருத்து. அந்நிலையில் மறுநடவுக்கு உடன்படலாம். ஆனால் கையெழுத்திடும் முன், எந்த இனம், எத்தனை கன்றுகள், எந்தத் தேதிக்குள், பட்டுப்போனால் மாற்று நடுவது யார், எத்தனை ஆண்டு பராமரிப்பு என்பவை வரைபடத்துடன் உடன்படிக்கையிலேயே இடம்பெறச் செய்யுங்கள்.